பகலெல்லாம் பூஜ்யம்

ஸ்மார்ட் மீட்டர் வைத்தால் லாபமா நஷ்டமா என்று இப்போது யாரும் என்னிடம் கேட்பதில்லை. சில மாதங்களுக்கு முன்பு கேட்டிருந்தால் உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசியிருப்பேன். பாயா ரும்புட்டில் எங்கள் தாமான் குடியிருப்பில், "கோமளாகிட்ட மாட்டிக்காத, மீட்டர் கதைய ஆரம்பிச்சிருவா" என்று ஒரு பேச்சே இருந்தது. இன்று என் முன்னால் அந்த வார்த்தையை யாரும் எடுப்பதில்லை. மரியாதை என்று நினைக்க வேண்டாம். என்னைப் பார்க்கப் பாவமாக இருக்கிறதாம்.

நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொன்னால் என்னைக் கொஞ்சம் நல்லவளாக்கிவிடுவார்கள்.

ஆயர் குரோவில் ஒரு ஃபேக்டரியில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறேன். இப்போது லைன் லீடர். எந்த மெஷின் எந்த ஷிப்டில் மக்கர் செய்கிறது என்பதைக் கிராப்பைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. என் வீட்டுக்காரர் விமலன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். ஒரே மகள் பினாங்கில் படிக்கிறாள். வீட்டில் மூன்றாவது ஆள், விமலனின் அக்கா பாக்கியலட்சுமி. எனக்கு அண்ணி.

அண்ணிக்கு அறுபத்திரண்டு வயது. நியாலாஸுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், பிறகு செம்பனைக் காய் பொறுக்கினார். அவருடைய கணவர் மருதமுத்து அந்தத் தோட்டத்து ஜெனரேட்டரை ஓட்டியவர். பிள்ளைகள் இல்லை. அவர் இறந்து, தொழிலாளர்களின் லயத்து வீடுகளையும் இடித்த பிறகு, இரண்டு வருடத்துக்கு முன்பு விமலன் அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். நான் மறுப்புச் சொல்லவில்லை. மறுப்புச் சொல்லாததையே பெரிய தர்மமாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

அண்ணிக்கு இனிப்பு நீர். காலையும் மாலையும் இன்சுலின் போட்டுக்கொள்வார். பிப்ரவரியில் வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் டாக்டர் தெளிவாகவே சொல்லிவிட்டார்: மூன்று நான்கு மாதத்தில் சுகர் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் விரலை எடுப்பதைப் பற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் பேச வேண்டியிருக்கும். விமலன் அன்று கார் வரை அக்காவைக் கைத்தாங்கலாகவே நடத்திக்கொண்டு வந்தார். அக்கா என்றால் அவருக்கு உயிர்.

மார்ச்சில் மீட்டர் வந்தது. பழைய மீட்டரைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டுவார்கள், காசு இல்லை என்று நோட்டீஸ் வந்தபோது தாமானே கூடிப் பேசியது. கதிர் வீசுமாம், தலைவலி வருமாம், பில் இரட்டிப்பாகுமாம், நாம் எப்போது தூங்குகிறோம் என்றுகூடத் தெரிந்துகொள்வார்களாம்.

"பழசு நல்லாத்தானே ஓடுது, எதுக்கு லா சூசா, இந்தத் தொல்லை?" என்றார் விமலன்.

"நீங்க எப்ப தூங்குறீங்கன்னு தெரிஞ்சு அவன் என்ன பண்ணப் போறான்? தாலாட்டுப் பாடப் போறானா?" என்றேன்.

மாட்ட வந்த இரண்டு பையன்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவர்கள் வாசலைத் தாண்டுவதற்குள் கைபேசியில் ஆப்பை இறக்கிவிட்டேன்.

முதல் மாதம் எனக்குத் தலைகால் புரியவில்லை. அரை மணிக்கு ஒரு கோடு. கோடு உயர்ந்தால் கரண்ட் ஓடுகிறது, தாழ்ந்தால் இல்லை. காலை ஐந்தரைக்கு ஒரு பெரிய கோடு: விமலனின் வெந்நீர்க் குளியல். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஒன்று: நான் ஒரு வாரத் துணியை அயர்ன் பண்ணுவது. ஃபேக்டரியில் பார்த்ததை வீட்டிலும் பார்க்கக் கிடைத்ததே என்ற பூரிப்பில், சாப்பாட்டு மேசைக்கும் கைபேசியோடு போக ஆரம்பித்தேன்.

"பன்னெண்டு நிமிஷம் ஹீட்டர் போட்டிருக்கீங்க. லாரியா கழுவுறீங்க?"

விமலன் சிரிப்பார். அண்ணியும் சிரிப்பார். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வேடிக்கை எந்த இடத்தில் முடிந்தது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் சாயங்காலச் சாப்பாட்டின்போது பகல் நேரத்துக் கோடுகளைக் காட்டினேன். காலை ஒன்பதிலிருந்து நாலு வரை ஒரே உயரத்தில் வரிசையாக நின்றன.

"பாருங்க, பகல்ல வீட்டுல ஒரு ஆளும் இல்லாதப்பவே இவ்வளவு ஓடுது."

அண்ணி அப்போது விமலனின் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா இருக்காங்கல்ல" என்றார் விமலன்.

"இருக்காங்க, இல்லேங்கல. ஒரு ஆளுக்கு ரெண்டு ஃபேன், ஒரு டிவி, அடுப்படி லைட்டு. பொழுதுக்கும் ஓடணுமா?"

அண்ணி ரசக் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். "ஆமாம்மா. டிவி பாட்டுக்கு ஓடுது, நான் பாட்டுக்குத் தூங்கிர்றேன். கொறச்சுக்கிறேன்."

"அதுதான் அண்ணி நான் சொல்றது" என்று நானும் சிரித்தேன். லைனில் ஒரு பெண்ணிடம் சொல்லி அவள் கேட்டுக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அத்தோடு அதை மறந்தும் போனேன்.

அடுத்த மாதம் பில் நாற்பத்திரண்டு வெள்ளி குறைந்து வந்தது. அதற்கடுத்த மாதம் இன்னும் கொஞ்சம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பில்லைப் படம் எடுத்து தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "மீட்டர் வேண்டாம் என்றவர்கள் கவனிக்கவும்" என்று எழுதினேன். எதனால் குறைந்தது என்று ஒரு நிமிடம் உட்கார்ந்து பார்க்கவில்லை. புது பல்ப், ஹீட்டருக்கு நான் வைத்த சட்டம், மொத்தத்தில் என் நிர்வாகம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இதற்கிடையில் வீட்டில் சில சில்லறைத் தொல்லைகள். பால் ஒருநாள் விட்டு ஒருநாள் திரிந்தது. மைக்ரோவேவின் கடிகாரம் தினமும் பன்னிரண்டு பன்னிரண்டு என்று கண் சிமிட்டியது. அதற்கு வயதாகிவிட்டது என்று அதைத் திட்டினேன். ஃப்ரிட்ஜில் வைத்த மீன் நாற்றமடித்தது. கோலா சுங்கை பாருவிலிருந்து மோட்டாரில் மீன் கொண்டுவரும் ரம்லியை வாசலிலேயே நிறுத்தி, பழைய மீனை என் தலையில் கட்டுகிறாயா என்று கத்தினேன். அந்த மனிதர் பாவம், இரண்டு கெம்போங் மீனை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார். மறு வாரத்திலிருந்து எங்கள் சாலைக்கே வருவதில்லை.

பெரிய தொல்லை வேறு. அண்ணியின் சுகர் இறங்கவில்லை. ஏழுக்குள் இருக்க வேண்டியது, காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் பதினான்கு, பிறகு பதினேழு, மே மாதக் கடைசியில் பத்தொன்பது. ஊசி தவறாமல் போட்டுக்கொள்கிறார், சோற்றை அளந்து சாப்பிடுகிறார், பிறகும் ஏறுகிறதென்றால் எனக்கு ஒரே விடைதான் தெரிந்தது.

"அண்ணி, என்னா தின்னீங்க?"

"ஒண்ணும் தின்னலம்மா."

"அப்ப சுகர் மானத்துலேர்ந்து குதிச்சுதா?"

"சத்தியமா தின்னலம்மா. டீ கூடச் சீனி இல்லாமத்தான்."

அவர் குளிக்கப் போன நேரத்தில் அவர் அறையைத் தேடினேன். இதை எழுதக் கை கூசுகிறது. தலையணைக்கு அடியில், சேலை மடிப்பில், சாமி படத்துக்குப் பின்னால். ஒரு மிட்டாய்த் தாள்கூட இல்லை. இல்லை என்றால் நம்பியிருக்க வேண்டும். நான் விமலனிடம் போய், "உங்க அக்கா மறைச்சு வைக்கிறதுல கில்லாடி" என்றேன்.

விமலனும் அக்காவிடம் சத்தம் போட்டார். "கால் போயிரும்க்கா, வாயக் கட்டு" என்று கண் கலங்கக் கத்தினார். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அதன் பிறகு அவர் தின்னவில்லை என்று சொல்வதையும் நிறுத்திக்கொண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் மகளிர் பிரிவுக் கூட்டம். தலைவி மோகனா அக்கா, ஓய்வு பெற்ற நர்ஸ். எங்கள் தாமானில் இன்னும் பாதிப் பேர் மீட்டரை மாட்ட விடாமல் இருந்ததால், வைக்கலாமா வேண்டாமா என்று என்னைப் பேசச் சொன்னார். நான் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு போனேன். இருபது, இருபத்தைந்து பெண்கள். தேவார வகுப்புக்கு வாங்கிய புரொஜெக்டரில் என் கைபேசியை இணைத்துச் சுவரில் படம் தெரிய வைத்தேன்.

ஆரம்பிக்கும் முன் தேநீர் வந்தது. அண்ணிதான் தட்டை ஏந்தி வரிசை வரிசையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார், கட்டுப் போட்ட காலோடு. அவர் தட்டில் கொஞ்சம் லட்டும் இருந்தது.

"அந்த லட்ட எண்ணிக் குடுங்க" என்று நான் மைக்கிலேயே சொன்னேன். "எங்க அண்ணி ரகசியமா முழுங்கிற ஆளு."

மண்டபம் சிரித்தது. அண்ணியும் சிரித்துக்கொண்டே அடுத்த வரிசைக்குப் போனார்.

பேச்சு நன்றாகவே போனது. கதிர்வீச்சுக் கதைக்குப் பதில் சொன்னேன். பில்லைக் காட்டினேன். கடைசியில், சாப்பாட்டில் கடைசியாகப் பாயசம் வைப்பதுபோல, அந்த வாரத்துக் கிராப்பைச் சுவரில் போட்டேன். காலையில் ஒரு கூட்டம் கோடு, சாயங்காலம் ஒரு கூட்டம். நடுவில் எட்டரையிலிருந்து நாலரை வரை சுத்த வெள்ளை.

"பாருங்க. பகல்ல பூஜ்யம். திங்களும் பூஜ்யம், செவ்வாயும் பூஜ்யம். வீட்டுல டிசிப்ளின் இருந்தா இப்படித்தான் வரும்."

இரண்டாவது வரிசையில் ஷாந்தினி உட்கார்ந்திருந்தாள். எங்கள் பின் சாலைப் பெண், இருபத்தாறு வயது, வயரிங் காண்ட்ராக்டரிடம் வேலை. அவள் கையைத் தூக்கினாள்.

"ஆன்ட்டி, பூஜ்யம் வராதே."

"ஏன் வராது? கண்ணு முன்னால இருக்குல்ல."

"ஃப்ரிட்ஜ் இருக்குல்ல ஆன்ட்டி? ஆள் இல்லாட்டியும் அது ஓடும். கொஞ்சமாவது கோடு காட்டும். இது சுத்தமா கோசோங், ஒண்ணுமே இல்ல. மெயினை ஆஃப் பண்ணாத்தான் இப்படி வரும். போகும்போது மெயின் ஆஃப் பண்ணிட்டா போறீங்க?"

நான் சுவரைப் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் கிராப் பார்த்தவள். ஒரு மெஷினில் இப்படி ஒரு கோடு வந்திருந்தால் அந்த நிமிடமே ஓடிப் போய்ப் பார்த்திருப்பேன். இங்கே மூன்று மாதமாகப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

"நாந்தான் எறக்குறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். அண்ணி காலித் தட்டோடு நின்றார். முகத்தில் வெட்கம் கலந்த ஒரு பெருமை. அவரைத்தான் நான் பாராட்டுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

"இவங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனதும் எட்டரைக்கு எறக்கிருவேன். கோமளா வர்றதுக்கு முன்னாடி நாலரைக்கு ஏத்திருவேன். ஒரு நாள் கூட மறந்ததில்ல."

"அப்ப பகலெல்லாம் ஃபேன் கூட இல்லாமலா இருக்கீங்க, பாட்டி?" என்றாள் ஷாந்தினி.

"பின்வாசல்ல காத்து வரும்மா. தோட்டத்துல எங்களுக்குக் காலையில ரெண்டு மணி நேரம், ராத்திரி நாலு மணி நேரந்தான் இஞ்சின் ஓடும். பகல்ல ஏது கரண்ட்டு? ஆளில்லாத வீட்டுல கரண்ட்டு ஓடுதுன்னு கோமளாவும் வருத்தப்பட்டுச்சு."

யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எல்லோரும் மரியாதையாகச் சுவரையே பார்த்தார்கள். அங்கே என் கிராப் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது.

மோகனா அக்கா மட்டும் எழுந்து அண்ணியின் பக்கத்தில் போனார். "பாக்கியம், ஒன் இன்சுலின் எங்க வச்சிருக்க?"

"ஃப்ரிட்ஜ்லதான்."

"ஃப்ரிட்ஜ்தான் பகல்ல ஓடலியே."

"அதுக்கு வழி இருக்குக்கா" என்று அண்ணி ஆர்வமாகச் சொன்னார். "தோட்டத்துல பதினாறு வருசம் அப்படித்தான் ஃப்ரிட்ஜ் வச்சிருந்தோம். இஞ்சின் ஓடுறப்ப ஐஸ் கட்டிக்கணும், கெடக்கூடாத சாமான ஐஸுக்கு நடுவுல பொதைச்சிரணும், கதவத் தொறக்கக்கூடாது. மருந்த மேல ஐஸ் பொட்டியிலதான் ஒரு டப்பால போட்டு வச்சிருக்கேன். கல்லு மாதிரி இருக்கும், கெடவே கெடாது. ஊசி போடுறதுக்கு முன்னாடி எடுத்து உள்ளங்கையில வச்சு உருக்கிக்குவேன்."

மோகனா அக்கா கண்ணை மூடித் திறந்தார். "அடியே, ஒறைஞ்ச இன்சுலின் மருந்தே இல்லடி. நீ மூணு மாசமா தண்ணியத்தான் குத்திக்கிட்டிருந்திருக்க."

அண்ணிக்கு உடனே புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புண், பத்தொன்பது, தலையணைக்கு அடியில் நான் தேடியது, சற்று முன்பு மைக்கில் சொன்னது, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. புரொஜெக்டரை எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் கைபேசியின் வயரைப் பிடுங்கினேன்.

மோகனா அக்கா வாசலில் என்னைத் தனியாக நிறுத்தினார். திட்டவில்லை. "வீட்டுல இருக்கிற அத்தனையும் தூக்கிப் போடு. டவுன்ல பார்மசியில புதுசு வாங்கு. நாளைக்குக் கிளினிக்ல டாக்டர்கிட்ட உள்ளத உள்ளபடி சொல்லிரு. சொல்லலேன்னா சுகர் ஏறியிருக்குன்னு ஊசி யூனிட்டக் கூட்டிருவாங்க. நல்ல மருந்த அந்த அளவுல போட்டா சுகர் ஒரேயடியா எறங்கி ஆளே போயிரும். வெளங்குதா?"

விளங்கியது.

வீட்டுக்கு வந்து ஃப்ரீசரைத் திறந்தேன். மீனுக்குப் பின்னால், நான் தினமும் பார்த்த ஒரு பழைய நீல டப்பா. பெலாச்சான் இறால் விழுது ஏதோ என்று நினைத்து ஒரு நாளும் நான் தொட்டதில்லை. அதற்குள் இன்சுலின் குப்பிகள் ஒரு துணியில் சுற்றி, ஐஸ் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. குழந்தைக்குச் சுற்றுவதுபோல அவ்வளவு ஒழுங்காகச் சுற்றியிருந்தார். அடுப்படியில் நின்று அழுதேன். அண்ணி என் முதுகைத் தடவி, "எனக்குத்தாம்மா புத்தி இல்ல, கேட்டிருக்கணும்" என்றார்.

அப்போதாவது நான் மனுஷியாக நடந்துகொண்டிருக்கலாம். விமலன் குவாந்தானிலிருந்து லாரியோடு திரும்பிக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நினைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. 'ஒரு ஆளும் இல்லாதப்பவே' என்று நான் சொன்னதால்தான் அண்ணி மெயினை இறக்கினார் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

"அண்ணி, அவர்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்ல வேணாம். நானே பக்குவமா சொல்லிக்கிறேன்."

"நான் ஏம்மா சொல்லப் போறேன்" என்றார்.

அன்று சாயங்காலம் நான் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காரிலும் சொல்லவில்லை. விமலன் லீவு எடுத்துக்கொண்டு கூடவே வந்தார், டாக்டர் அறைக்குள்ளும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண். போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையைத் திரையில் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், விரலைக் காப்பாற்ற முடியுமா என்று அங்கேதான் சொல்ல வேண்டும் என்றார். பிறகு அண்ணியை அத்தை என்று அழைத்து மலாயில் கேட்டார்: "மக்சிக், உண்மையச் சொல்லுங்க. இனிப்பு சாப்பிடுறீங்களா?"

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. "சாப்பிடுறேன் டாக்டர்" என்றார். "லட்டு, கேசரி, குவே, எது கெடச்சாலும். வாயடக்க முடியல. வீட்டுல இவங்க சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டாங்க. என் தப்புத்தான்."

மூன்று மாதம் தின்னவில்லை என்று சத்தியம் செய்தபோது ஒருவரும் நம்பாத அந்த வாய், இப்போது சொன்ன பொய்யை மூன்று பேர் கேட்டோம். இரண்டு பேர் உடனே நம்பினார்கள். விமலன் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தியாக்கா, பாத்தியாக்கா" என்றார்.

டாக்டர் பெருமூச்சு விட்டுவிட்டு விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்தார். "காலையில பதினாலு யூனிட்டுன்னு இருக்கு. இருபதா ஏத்துறேன்."

அந்த இரண்டு மூன்று வினாடிகளைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். மோகனா அக்கா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இருந்தும் நான் கணக்குப் போட்டேன். டாக்டர் எழுதட்டும், வீட்டில் பழைய பதினாலையே போடச் சொல்லலாம், யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு வழி என் மூளையில் சுத்தமாக, அழகாக வந்து நின்றது. அண்ணி மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்து அழுத்தினார். பேசாதே என்று அர்த்தம். என்னைக் காப்பாற்ற அவர் தன் உடம்பையே கொடுக்கிறார், நான் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறேன். அந்தக் கை என்னைச் சுட்டது.

"டாக்டர், அவங்க பொய் சொல்றாங்க" என்றேன்.

சொன்னேன். மெயின் சுவிட்ச், ஐஸ், நீல டப்பா, உறைந்த மருந்து. ஏன் மெயினை இறக்கினார் என்பதையும் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதை, சொன்ன மாதிரியே சொன்னேன். மலாயில் சொன்னதால் அது குறைந்துபோகவில்லை. விமலன் பக்கம் நான் திரும்பவில்லை.

டாக்டர் இருபதை அழித்துவிட்டுப் பதினாலு என்று அடித்தார். பழைய மருந்து முழுவதையும் வீசிவிட்டீர்களா என்று கேட்டார். புதிதாக எழுதினார், எங்கே வைக்க வேண்டும் என்று அண்ணிக்குப் படம் வரைந்து காட்டினார். கடைசியில், திட்டுவதற்காக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் குரலில், அக்கா என்று மலாயில் அழைத்து என்னைக் கேட்டார்.

"காக், இதுல மாசம் எவ்வளவு மிச்சமாச்சு?"

"நாற்பது வெள்ளி. நாற்பத்திரண்டு."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த காகிதத்தை எடுத்தார்.

வெளியே வந்ததும் விமலன் நேராகக் காரை எடுக்கப் போனார். இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் என்னைத் திட்டியிருக்கிறார், நானும் திட்டியிருக்கிறேன். இப்படி முகத்தைப் பார்க்காமல் நடந்து போனது அதுதான் முதல் தடவை. அண்ணியும் நானும் கிளினிக் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"என்னத்துக்கும்மா அவன் முன்னாடி சொன்ன?" என்றார் அண்ணி. "நான்தான் சமாளிச்சேன்ல."

"என்னை மன்னிச்சிருங்க அண்ணி" என்றேன். "இனிமே மெயின்ல கை வைக்காதீங்க. பகலெல்லாம் ஃபேன் ஓடட்டும், டிவி ஓடட்டும், லைட்டும் எரியட்டும். பில் எவ்வளவு வந்தாலும் வரட்டும். இனிமே நான் அதப் பாக்கவே மாட்டேன்."

அண்ணி தலையாட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஏதோ சரியாகிவிட்டது என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். அண்ணி என் பக்கத்தில் நகர்ந்து வந்து, விமலன் வருகிறாரா என்று பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் பேசினார்.

"நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருக்கேம்மா. மருந்துக்கு ஃப்ரிட்ஜ் ஓடித்தான் ஆகணும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. மத்தபடி நீங்க வேலைக்குப் போனதும் நான் கோயில் மண்டபத்துக்குப் போயிர்றேன். அங்க ஃபேன் இருக்கு. மத்தியானம் சாப்பாடும் போடுறாங்க. கால் ஒண்ணும் பண்ணாது, மெதுவா நடந்துருவேன். நீ வர்ற நேரத்துக்கு வந்து சமைச்சிர்றேன். சரிதானேம்மா?"

தம்பி வீட்டில் பகலில் உட்கார்ந்திருக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. வெளியே போயிருக்கத்தான் என்னிடம் அனுமதி கேட்டார். அப்படிக் கேட்கும் அளவுக்கு அவரை ஆக்கியது மீட்டர் இல்லை, நான். வேண்டாம் அண்ணி, போகாதீங்க என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வார்த்தைகளில் எதை அவர் இனி நம்புவார் என்று தோன்றியது.

விமலன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணி கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஏறாமல் நின்றார். நான் சரி என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.